திரும்பி வராத ஊசிகள்

2022-ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, தில்லியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், முதுகில் பை மாட்டிய இளைஞன் ஒருவன் போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் புதுச் சிரிஞ்சுகளை இலவசமாகக் கொடுக்கிறான், ஏதோ தொண்டு நிறுவனமாம், அரசாங்கப் பணமாம், குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் இதென்ன அநியாயம், உடனே நிறுத்த வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். நான் மூன்றாவதாகக் கையெழுத்திட்டேன். அதோடு நிற்காமல், கடிதத்தின் ஆங்கிலத்தில் இருந்த இரண்டு இலக்கணப் பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன். கணக்குத் தணிக்கையில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவனுக்கு, ஒரு காகிதம் பிழையோடு கையைவிட்டுப் போவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

அந்தக் கையெழுத்தைப் போட்ட நாளில் என் வீட்டுச் சமையலறைக் குப்பைக் கூடையில் நான் காலையில் போட்ட ஊசி ஒன்று கிடந்திருக்கும். 2017 முதல் நான் இன்சுலின் எடுத்துக்கொள்கிறேன். உணவுக்கு முன் மூன்று முறை, இரவில் ஒரு முறை. இன்சுலின் பேனாவின் முனையில் திருகிக்கொள்ளும் ஊசி 4 மில்லிமீட்டர் நீளம்; கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அங்கே ஏதோ மினுங்குகிறது என்பதற்குமேல் தெரியாது. அதற்கு உள்ளே ஒரு குட்டி மூடி, வெளியே ஒரு பெரிய மூடி, அதன் வாயில் ஒட்டிய காகிதத் தாள். ஒரு குத்தலுக்கு ஓர் ஊசி என்பது விதி. நம் ஊரில் பெரும்பாலானவர்களைப் போல நானும் ஒரு நாளைக்கு ஓர் ஊசி என்று சிக்கனம் பிடித்தேன். மறுநாள் காலையில் பழையதைக் கழற்றி, நாளிதழ்த் துண்டில் சுற்றி, காய்கறித் தோலோடு போட்டுவிடுவேன். உள்மூடி கைதவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன நாட்களில் அது மூடியில்லாமலேயே போகும். சர்க்கரை பார்க்க விரலைக் குத்தும் லான்செட்டுகள் தனிக் கணக்கு. ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 ஊசிகள் எங்கள் வீட்டுப் படியிறங்கிப் போயிருக்கின்றன. அவை எங்கே போயின என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. எல்லோரும் இன்சுலின் போடுவதில்லை என்றாலும், நூற்றில் சிலர் போட்டாலே எத்தனை ஊசி என்று மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான் போட்டுப் பார்த்தது மிகத் தாமதமாகத்தான்.

கடுகளவு

2023 ஜனவரியில், எதிர்வீட்டு மாடி தெரியாத அளவுக்குப் பனி மூடியிருந்த ஒரு காலையில் அது நடந்தது. எங்கள் வீட்டில் வேலை பார்த்த அம்மா, பாராபுல்லா வாய்க்கால் கரையில் தமிழர்களின் குடிசைப் பகுதியாக இருந்த மதராசி கேம்ப்பிலிருந்து ஏழு மணிக்கெல்லாம் நடந்து வந்துவிடுவார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், கல்யாணமாகித் தில்லிக்கு வந்தவர். கூடையிலிருந்த கருப்புக் கவரின் வாயைக் கட்டுவதற்காக அதை மேலிருந்து கையால் அழுத்தியிருக்கிறார். "ஸ்ஸ்" என்ற சத்தம்தான் எனக்குக் கேட்டது. போய்ப் பார்த்தால் வலது கை நடுவிரல் நுனியில் கடுகைவிடச் சிறிய ஒரு ரத்தப் பொட்டு. அவர் அதைப் பிதுக்கினார், இன்னொரு பொட்டு வந்தது. என் மனைவி மஞ்சள்தூள் டப்பாவை எடுத்தார். "புது ஊசிதான்ம்மா, ஒண்ணும் ஆகாது" என்று நான் சொன்னேன். அது புது ஊசி இல்லை. முந்தைய நாள் நான்கு முறை என் வயிற்றில் இறங்கிய ஊசி. அந்தப் பொய்யை நான் எதற்காகச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. யாரும் என்னைக் குற்றம் சாட்டியிருக்கவில்லை.

அவர் பாத்திரங்களைத் தேய்த்தார், மேடையைத் துடைத்தார், டீ குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அதன்பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று, "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்குச் சக்கரையத் தவிர வேற ஏதாச்சும் வியாதி இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அவரை வேலைக்குச் சேர்த்தபோது, தில்லியில் எல்லோரும் செய்வதைப் போல, காவல்துறையின் சரிபார்ப்புப் படிவத்தை நிரப்பினோம். அவருடைய ஊர், கணவரின் பெயர், முன்பு வேலை பார்த்த வீடுகள், புகைப்படம், ஆதார் நகல் எல்லாம் எங்களிடம் இருந்தன. பதினொரு ஆண்டுகளில் எங்களைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி இது. அதற்கு உண்மையான பதில் எனக்கே தெரியாது என்பதும் அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எதையும் நான் பார்த்ததில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அவையெல்லாம் எதற்கு என்ற நினைப்புத்தான். 1998-ல் ஒரு விபத்தில் எனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. "தெரியலம்மா. வாங்க, ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றேன்.

இருவரும் ஒரே ஆட்டோவில் போனோம். அதுவும் முதல் முறை.

அந்த அறையில் கேட்ட கேள்விகள்

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், மஞ்சளைப் பார்த்ததும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைத்துச் சப்பக் கூடாது, எரிகிற மருந்து எதையும் ஊற்றக் கூடாது. ஓடும் தண்ணீரும் சோப்பும் போதும் என்றார். மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒரு கணக்கையும் சொன்னார். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், அந்த நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், தொற்றும் வாய்ப்பு 100-க்கு 30 வரை, ஹெபடைட்டிஸ் சி என்றால் 3, எச்.ஐ.வி. என்றால் 0.3. தோலுக்கடியில் மட்டும் இறங்கும் இன்சுலின் ஊசியில் ஆபத்து இதைவிடக் குறைவு. ஆனால் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாட்கள் வரை உயிரோடு இருக்கும் என்பதால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் விழுங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது உத்தமம். "ஊசி யாருடையது என்று தெரியுமா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "அப்படியானால் உங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் இவருக்கு மாத்திரை தேவையில்லை."

இந்த நாட்டில் ஒருவருடைய சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது; 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பரிசோதனைக்கு முன் ஆலோசகர் ஒருவர் தனியாக உட்கார வைத்துப் பேசவும் வேண்டும். அந்த அறை மிகச் சிறியது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கோத்ரெஜ் அலமாரி, ஆணுறை பற்றிய ஒரு சுவரொட்டி. ஆலோசகருக்கு என் மகளைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். மேசைமேல் படிவத்தை வைத்து, தலையை நிமிர்த்தாமல், தபால் நிலையத்தில் முகவரி கேட்பதுபோன்ற குரலில் இந்தியில் ஒவ்வொன்றாகக் கேட்டார். திருமணத்துக்கு வெளியே உறவு உண்டா? பணம் கொடுத்து உறவு கொண்டது உண்டா? ஆண்களோடு? எப்போதாவது ரத்தம் ஏற்றிக்கொண்டது உண்டா? ஊசி வழியாகப் போதை மருந்து எடுத்துக்கொண்டது உண்டா? வேறு யாரோடாவது ஊசியைப் பகிர்ந்துகொண்டது உண்டா?

கடைசிக் கேள்வி வரும்போது எனக்குக் காது சிவந்துவிட்டது. "இன்சுலின் மட்டும்தான்" என்றேன், கொஞ்சம் உரக்கவே. அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "கோபித்துக்கொள்ளாதீர்கள் அங்கிள். வருகிற எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்கிறேன்" என்றார். நான் சமாதானமாகி, நடந்ததைச் சொன்னேன். பயன்படுத்திய ஊசியை வழக்கமாக எதில் போடுவீர்கள் என்று கேட்டார். சமையலறைக் குப்பையில் என்றேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்னதை, இயன்றவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஊசித் திட்டத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையன்களைப் பரிசோதனைக்கு இங்கே அழைத்து வருவார்கள். பாதிப்பேர் தெருவில் படுப்பவர்கள். அவர்களே பழைய ஊசியை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து திருப்பிக் கொடுக்கிறார்கள்."

அதில் இகழ்ச்சி எதுவும் இல்லை. ஒரு தகவலைச் சொன்ன தொனிதான். நான் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டேன். மூன்று மாதத்துக்குள் ஊசி சம்பந்தமாக நான் போட்ட இரண்டாவது கையெழுத்து.

வெளியே பெஞ்சில் எங்கள் வீட்டு அம்மா விரலைத் தனியே நீட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. அவர் போக வேண்டிய இன்னும் இரண்டு வீடுகளுக்கு என்னைப் போன் செய்து சொல்லச் சொன்னார். தான் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றார். செய்தேன். ஒரு வீட்டில் "சரி" என்றார்கள். இன்னொரு வீட்டில், "என்ன நோய்? தொற்றுமா? அப்படியென்றால் முடிவு வரும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றார்கள். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. நாளைக்கு வந்தால் போதுமாம் என்றேன். அன்றைக்கு இரண்டாவது பொய்.

என்னுடைய எச்.ஐ.வி. முடிவு அன்று மதியமே வந்தது, தொற்று இல்லை. ஹெபடைட்டிஸ் இரண்டும் மறுநாள், அவையும் இல்லை. அவருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டார்கள். அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில். முடிவுக் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "உங்களுக்கும் நல்லதாப் போச்சு சார்" என்றார்.

"ஸ்டாக் இல்லை"

அதற்கு அடுத்த வாரம் போகல் சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் மருந்துக்கடைக்குப் போனேன். நூறு பேனா ஊசி உள்ள பெட்டியை வாங்கிக்கொண்டு, பழைய ஊசிகளைக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "விற்பதற்குத்தான் எங்களுக்கு லைசென்ஸ் அங்கிள்ஜி, திருப்பி வாங்குவதற்கு இல்லை." நான் சில்லறைக்காக நின்றுகொண்டிருந்தபோது, இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் வந்து, 2 மில்லி சிரிஞ்சு இரண்டு கேட்டான். மெலிந்த தேகம், அந்தக் குளிரில் காலில் ரப்பர் செருப்பு. "ஸ்டாக் இல்லை" என்றார் கடைக்காரர். அவருடைய முழங்கைக்குப் பின்னால் அந்தப் பெட்டி திறந்தே இருந்தது. பையனும் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன். அவன் எதுவும் பேசாமல் போய்விட்டான். "கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள். நீங்களே புகார் எழுதுவீர்கள்" என்றார் என்னைப் பார்த்து. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு எங்கள் கடிதத்தைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. பொதுவாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சிரிஞ்சு வாங்க இந்தியாவில் மருந்துச்சீட்டு கேட்பதில்லை. ஆளைப் பார்த்து, சட்டையைப் பார்த்து, கடைக்காரர் முடிவுசெய்கிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு: உலகத்தில் முதல் ஊசி பரிமாற்றத் திட்டம் பிறந்ததே இப்படி ஒரு "இல்லை"யிலிருந்துதான். 1984-ல் ஆம்ஸ்டர்டாம் நகரின் நடுவே இருந்த ஒரு மருந்துக்கடை, போதை ஊசி போடுபவர்களுக்குச் சிரிஞ்சு விற்பதை நிறுத்திக்கொண்டது. ஊசி கிடைக்காதவர்கள் இருப்பதையே பகிர்ந்துகொள்வார்கள், ஹெபடைட்டிஸ் பி பரவும் என்று பயந்து, போதை எடுப்பவர்களே நடத்திய ஒரு சங்கம் நகராட்சியின் சுகாதாரத் துறையிடமிருந்து மொத்தமாகப் புது ஊசிகளை வாங்கிக் கொடுக்கவும் பழையதைத் திரும்பப் பெறவும் தொடங்கியது. எச்.ஐ.வி. பற்றிய பேச்சே அப்போது பெரிதாக இல்லை. அதே காலத்தில் எடின்பரோவிலும் போலீஸ் கெடுபிடியால் ஊசி விற்பனை முடங்கியிருந்தது. அங்கே மாற்று ஏற்பாடு எதுவும் வரவில்லை. 1986-ல் அந்த நகரத்தின் ஒரே ஒரு மருத்துவரகத்தில் ஹெராயின் எடுத்துவந்த 164 பேரைப் பரிசோதித்தபோது 51 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பாதிக்குமேல். பிரிட்டன் அதற்கு அடுத்த ஆண்டே சோதனை முறையில் ஊசி பரிமாற்றத்தைத் தொடங்கியது. இன்று அங்கே பல மருந்துக்கடைகளிலேயே புது ஊசிப் பையைக் கொடுத்து, பழைய ஊசிப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். நியூசிலாந்து 1988-லேயே நாடு முழுவதற்கும் மருந்துக்கடைகள் வழியாக இதைக் கொண்டுவந்துவிட்டது. பிரான்சில் என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்கும் மருந்துக்கடையே பழைய ஊசிகளைப் போட மஞ்சள் பெட்டியை இலவசமாகக் கொடுக்கிறது. நிறைந்ததும் திருப்பிக் கொடுக்கலாம்.

நம் நாட்டில் மருந்துக்கடைக்கு இதில் பங்கு எதுவும் இல்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் பணத்தில் தொண்டு நிறுவனங்கள், களப்பணியாளர்கள் மூலம் கொடுத்து வாங்குகின்றன. அது ஒன்றும் தேவையற்ற தாராளம் அல்ல. 2019-ல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பு, ஊசி வழியாகப் போதை எடுப்பவர்கள் நாட்டில் சுமார் 8.5 லட்சம் என்றது; அவர்கள் அதிகம் உள்ள இடங்களில் தில்லியும் ஒன்று. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. கண்காணிப்பில் இவர்களில் 100-க்கு 6.26 பேருக்குத் தொற்று. அதே ஆண்டில் பொதுவாக வயது வந்தோரிடையே 0.22. கடிதத்துக்கு இலக்கணம் பார்த்தபோது இந்த இரண்டு எண்களையும் யாராவது காட்டியிருந்தால் நான் கையெழுத்திட்டிருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். இட்டிருப்பேன். எண்கள் என்னை எப்போதும் அசைத்திருக்கின்றன என்றாலும், சந்தில் நிற்கும் ஆள் யார் என்பது அவற்றைவிட அதிகம் அசைத்திருக்கும்.

கருப்புத் தொட்டி

வீட்டு ஊசிகளுக்கு விதி இல்லாமல் இல்லை. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், வீட்டில் உண்டாகும் ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் காலாவதியான மருந்து, பழைய பேட்டரி ஆகியவற்றோடு சேர்த்து 'வீட்டு அபாயக் கழிவு' என்றன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் அவற்றைக் கொண்டுபோய்ப் போடும் மையத்தை உள்ளாட்சி அமைக்க வேண்டியிருந்தது. தில்லிக்கென 2018-ல் வந்த துணைவிதிகளில் ஈரக்கழிவுக்குப் பச்சை, உலர்கழிவுக்கு நீலம், அபாயக் கழிவுக்குக் கருப்பு என்று மூன்று தொட்டிகள். பச்சையும் நீலமும் எங்கள் தெருவில் உண்டு. கருப்பை நான் தேடத் தொடங்கினேன். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்தார்கள், அங்கே எடுத்தவர், "ஊசியா? கவரில் கட்டிப் போடுங்கள்" என்றார். எந்தக் கவரில் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் கவர் போகும் வழியை ஒரு நாள் பின்தொடர்ந்தேன். கைவண்டியில் எடுத்துப்போகிறவர், தெருமுனைக் குப்பைக் கொட்டகையில் அதைப் பிரித்து, கையுறை இல்லாத கையால் பிளாஸ்டிக்கைத் தனியே பொறுக்கினார். அவருக்கு மாதச் சம்பளம் மிகச் சொற்பம். அந்தப் பிளாஸ்டிக்கை விற்பதில்தான் வருமானம். ஆகவே எங்கள் வீட்டு அம்மாவின் விரலைக் குத்தியது விபத்து என்றால், இவர் விரலைக் குத்தாமல் இத்தனை நாள் போயிருந்தால் அதுதான் விபத்து. பொறுக்கிய சிரிஞ்சுகளுக்குச் சந்தையும் இருந்திருக்கிறது: 2009-ல் குஜராத்தின் மோடாசாவில் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பலர் இறந்தபோது, பழைய சிரிஞ்சுகளை மீண்டும் பயன்படுத்தியதுதான் காரணம் என்று தெரியவந்தது.

இடுக்கி

கையெழுத்தைத் திரும்பப் பெறலாமா என்று சங்கச் செயலாளரிடம் கேட்டேன். எங்கள் கடிதம் நவம்பரிலேயே பலித்துவிட்டதாம். அந்த நிறுவனம் ஆளை ரயில் பாதை ஓரத்துக்கு மாற்றிக்கொண்டதாம். அவர் அதை ஒரு வெற்றியாகச் சொன்னார். நான் பிப்ரவரியில் பூங்காவின் பின்சுவர்ப் பக்கம் நடந்தபோது, காய்ந்த இலைகளுக்கு நடுவே ஏழு சிரிஞ்சுகளை எண்ணினேன். முன்பெல்லாம் அங்கே நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்பது உறைக்கச் சற்று நேரமாயிற்று.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞனைத் தேடிப் போனேன். மேம்பாலத்துக்கு அடியில், ஒரு தூணின் கட்டையில் உட்கார்ந்து பேரேடு எழுதிக்கொண்டிருந்தான். நான் யார் என்று சொன்னேன், கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். "நாங்கள் இடம் மாறுவது வழக்கம்தான் அங்கிள்ஜி" என்று சொல்லிவிட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டான். அவனும் ஒரு காலத்தில் ஊசி போட்டவன்தான். போதை ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கும் மாற்று மாத்திரையில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறான். பைக்குள் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா, கனமான கையுறை, ஒரு முழ நீளத்தில் இடுக்கி. அந்த இடுக்கியோடு அவனை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பூங்கா வேலியில் குனிந்து எதையோ செய்துகொண்டிருப்பான், ஊசியை அங்கே ஒளித்துவைக்கிறான் என்று நினைத்திருந்தேன். விடியற்காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் வருவதற்கு முன்பு பொறுக்கி முடித்துவிடுவானாம். "குழந்தைகள் விளையாடுகிற இடம் இல்லையா" என்றான். எங்கள் கடிதத்தில் இருந்த அதே வாக்கியம்.

பேரேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், பழக்கதோஷம். தேதி, பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண், கொடுத்தது, வந்தது, பொறுக்கியது, கையொப்பம். பழையதைக் கொண்டுவராதவனுக்கும் புதியதைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் வரவில்லை என்பதை எழுதிவைப்பார்கள். பிப்ரவரிப் பக்கத்தின் கீழே கூட்டல் போட்டிருந்தது. கொடுத்ததில் நான்கில் மூன்று பங்குக்குமேல் திரும்பி வந்திருந்தது. ஒரு வரியில் 3 என்பதை அடித்து 2 ஆக்கி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருந்தான். நான் பணிக்காலத்தில் பார்த்த பல அலுவலகங்களின் இருப்புப் பதிவேடுகள் இத்தனை சுத்தமாக இருந்ததில்லை. என்னுடைய 2,000 ஊசிகளுக்கு இப்படி ஒரு பக்கம் எழுதினால், 'வந்தது' என்ற பத்தி முழுக்க வெறுமையாக இருக்கும்.

"என்னுடையதையும் இந்த டப்பாவில் போட்டுக்கொள்வாயா?" என்று கேட்டேன். அவன் உண்மையாகவே யோசித்தான். "கொடுத்ததைவிட அதிகமாக வந்தால் மேலே கேள்வி கேட்பார்கள் அங்கிள்ஜி. அதுவும் உங்கள் ஊசி வேறு மாதிரி, பார்த்ததும் தெரிந்துவிடும்" என்றான். தணிக்கைக்காரனிடம் சொல்ல வேண்டிய பதிலைத்தான் சொன்னான். பிறகு, ஆறு ஆண்டுகளில் எனக்கு மருந்தெழுதிய எவரும் சொல்லாததைச் சொல்லிக்கொடுத்தான்: துணிகளுக்குப் போடும் திரவ சோப்பு வரும் கெட்டியான குப்பியை எடுத்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் பாட்டில் கூடாது, குத்திக்கொண்டு வெளியே வரும், கழற்றிய உடனே உள்ளே போட வேண்டும், அப்புறம் போடலாம் என்று மேசையில் வைக்கக் கூடாது, முக்கால் பங்குக்குமேல் நிரப்பக் கூடாது, மூடியைத் திருகி மேலே டேப் ஒட்ட வேண்டும். கிளம்பும்போது, "எண்ணிக்கையை மேலே எழுதிவையுங்கள்" என்றான்.

குப்பி தயார். அதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே. தெருக்கோடியில் தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் வயதான மருத்துவர் ஒருவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். மருத்துவக் கழிவு விதிகளின்படி அவரிடம் ஊசிகளுக்கான வெள்ளை நிறப் பெட்டி உண்டு. ஒப்பந்த வண்டி வந்து பார்கோடு ஒட்டி எடுத்துப்போகிறது. கழிவு நிலையத்தில் நீராவியில் கிருமி நீக்கி, நொறுக்கி, இரும்பு வார்ப்பாலைக்கோ கான்கிரீட் குழிக்கோ அனுப்புவார்கள். "விதிப்படி நான் வீட்டுக் கழிவை வாங்கக் கூடாது, யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றார். பெயரைச் சொல்லாமல் எழுதுவதால் வாக்கைப் பாதி காப்பாற்றியிருக்கிறேன்.

வேலைக்கு வந்த அம்மா மூன்றாவது தவணைத் தடுப்பூசியையும் 2023 ஜூலையில் போட்டுக்கொண்டார். குப்பியைப் பார்த்துவிட்டு, தான் போகும் இன்னொரு வீட்டில் பாட்டிக்கு ஊசி போடுகிறார்கள் என்று அங்கேயும் ஒரு காலிக் குப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். 2025 ஜூன் முதல் தேதி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. தகுதி உண்டு என்று சொல்லப்பட்ட குடும்பங்களுக்கு நகரத்தின் மறுகோடியில், நரேலாவில் வீடு. அவருக்கும் கிடைத்தது. இரண்டு பஸ் மாறி இரண்டரை மணி நேரம் வந்துபார்த்தார், ஆகஸ்டில் நின்றுவிட்டார்.

இப்போது ஓடுவது மூன்றாவது குப்பி. குளியலறை அலமாரியில், பல்துலக்கிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே மார்க்கரால் 312 என்று எழுதியிருக்கிறேன். முக்கால் கோட்டைத் தொட இன்னும் இரண்டு விரற்கடைதான் மிச்சம். மருத்துவர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு இருக்கப் புனேவுக்குப் போகிறார். மார்ச் கடைசிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.